பால்கனிக் கறிவேப்பிலை

குவைத்தின் ஃபர்வானியாவில் நாலாவது மாடி பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி தழைத்துவிட்டால் அந்த வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது. சுரேஷ்குமாருக்கும் புரியவில்லை. போதாக்குறைக்கு அவர் ரோட்டோரச் செடிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் ஃபோர்மேன். ஈராக் போர் முடிந்த மறு வருஷம் அது. மாவுப்பூச்சி அப்பிக் கிடந்த செடி ஒரே மாதத்தில் பளபளவென்று எழுந்ததும், வருகிறவர் போகிறவரையெல்லாம் பால்கனிக்கு இழுத்துப்போய், "எல்லாம் கைராசி" என்று அளந்தார். கைராசியாம்!

அந்தக் கைராசி சிங்க்குக்கு அடியில் ஒரு பாட்டிலில் இருந்ததை, அவர் மனைவி உமாராணி அன்று சாயங்காலம்தான் பார்த்தாள். ரோட்டோர அரளிக்கு ஊற்றுகிற பூச்சிமருந்து. கம்பெனியிலிருந்து கமுக்கமாகக் கொண்டுவந்து வேரில் ஊற்றியிருக்கிறார் மனுஷர். வீட்டில் சமைப்பது போக, பக்கத்து ஃபிளாட் ஜெயபாரதி வேறு தினமும் ஒரு கொத்து வாங்கிப் போகிறாள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ரசம் வைக்க. ஒடித்துக் கொடுத்ததெல்லாம் உமாராணியின் கை.

டூட்டி முடிந்து வந்தவரிடம் பாட்டிலை நீட்டினாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? நல்லாக் கழுவிட்டா கலாஸ், முடிஞ்சுது. அதோட, கறிவேப்பிலைய யாரு திங்கிறா? எல்லாரும் தட்டோரமா ஒதுக்கத்தான செய்யறோம்?"

"போன வாரம் உங்க ஆளுங்ககிட்ட போன்ல என்ன சொன்னீங்க? வேர்ல ஊத்தினா இலை நுனி வரைக்கும் ஏறிடும், எவ்வளவு தண்ணி விட்டாலும் போகாதுன்னு சொல்லலை?"

"அது அரளிக்குச் சொன்னது" என்றார் ஃபோர்மேன், கொஞ்சமும் கூசாமல்.

உமாராணி ஒரு கொத்து ஒடித்துவந்து, அவர் கண் முன்னாலேயே குழாயில் அலசினாள்.

"கழுவியாச்சு. வாயில போட்டு மெல்லுங்க."

சுரேஷ்குமார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஏய், விளையாடாத."

இந்த ஆளோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"உங்க வாய்க்கு ஆகாது. அடுத்தவ பிள்ளைக்கு ஆகும். இல்ல?"

அவள் செருப்பை மாட்டுவதைக் கண்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எங்க போற? வெளிய தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியாதுடி!"

"காட்டாதீங்க."

ஜெயபாரதி கதவைத் திறந்தபோது உள்ளே ரசம் நுரைகட்டுகிற வாசனை வந்தது.

"அடுப்ப அணை, பாரதி. நான் குடுத்த இலையில விஷம் இருக்கு. பிள்ளையத் தூக்கு, டாக்டர்கிட்டப் போவோம். நானும் வரேன்."