இரண்டாவது தடவை எடுத்த பெண்டு

உதிரிபாகத் தெருவில் எவனும் 'முடியாது' என்று சொல்ல மாட்டான். விலை சொல்லுவான். செய்ய விருப்பமில்லாத வேலைக்கு வாயில் வந்த பெரிய தொகையைச் சொன்னால், வந்தவன் புரிந்துகொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவான். வாடிக்கையும் முறியாது, மனஸ்தாபமும் வராது. வளைந்த மோட்டார் சைக்கிள் சக்கரங்களுக்குப் பெண்டு எடுத்து நிமிர்த்தும் கோணலும் இருபது வருஷமாக அப்படித்தான் மறுத்துவந்தார். ஊரார் கோணலையெல்லாம் நிமிர்த்துகிறவருக்குத் தெரு வைத்த பேர் அது. பெற்றவர்கள் வைத்த பேர் கடை உரிமத்தில் மட்டும் இருந்தது.

நாலு மாதத்துக்கு முன்பு வந்த கூரியர்காரனுக்கு மட்டும் அந்த மறுப்பு புரியவில்லை.

அலாய் சக்கரம், முன்பக்கத்தது. பள்ளத்தில் இறங்கி விளிம்பு உள்ளே மடிந்திருந்தது. அதற்கு முன்பே ஒரு தடவை, அதே இடத்தில், கோணலே சூடு காட்டி நிமிர்த்தியிருந்தார். மறுபடியும் அங்கேயே சூடு காட்டினால் பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும். உள்ளே பிஸ்கட் மாதிரி நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 'இது தேறாது, புதுசு வாங்கு' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோணல் தெரு வழக்கப்படி புதுச் சக்கர விலையில் முக்கால் பங்கைக் கேட்டார்.

கூரியர்காரன் சிரித்தான். "என்னண்ணே, சக்கரத்தை நிமித்தச் சொன்னா என் முதுகை வளைக்கிறீங்க?" என்று பத்தில் ஒரு பங்கில் ஆரம்பித்தான்.

அங்கேதான் பிசகியது. குறைத்துக் கேட்கும் குரல் காதில் விழுந்தால் கோணலின் உடம்புக்குள் வேறொரு ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். "தம்பி, இந்தக் காசுக்குச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், தூக்க முடியாது" என்றார். அவன் கொஞ்சம் ஏறினான். இவர் கொஞ்சம் இறங்கினார். அவன் போகிறவன் போலத் திரும்பினான், இவர் கூப்பிட்டார். டீ வந்தது. அதைக் குடித்துக்கொண்டே இருவரும் நடுவில் வந்து முடித்துக்கொண்டார்கள். எதற்காக அந்த விலையைச் சொன்னோம் என்பது கோணலுக்கு ஞாபகம் வந்தபோது, சக்கரம் நிமிர்த்தும் பிரஸ்ஸில் ஏறியிருந்தது.

இன்று காலை பதினொரு மணிக்கு அதே சக்கரம் கடைக்குத் திரும்பி வந்தது. கூரியர்காரன் வரவில்லை. அவன் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

தூக்கி வந்தவள் அவன் மனைவி. பின்னாலேயே அவன் தம்பி வந்தான். தூங்கிப் பல நாளான முகம். அவள் சக்கரத்தை மேஜைமேல் வைத்தாள். விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு உடைந்து வாய் பிளந்திருந்தது.

"அண்ணே, இதை நிமித்திக் குடுத்தது நீங்கதானே. அவர் சொல்லிக்கிட்டே இருப்பாரு. உங்களுக்குத்தான் தெரியும். சக்கரம் உடைஞ்சு அவர் விழுந்தாரா, அவர் விழுந்து சக்கரம் உடைஞ்சுதா?"

"எதுக்கும்மா இப்ப அது?"

"அன்னிக்கு வண்டியில போய்க்கிட்டிருந்தவருக்கு நான் போன் பண்ணேன். பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சு. நான் கவனத்தைக் கலைச்சுதான் விழுந்தாருன்னு அத்தை சொல்றாங்க. பாப்பாவை என் பக்கத்துலயே விட மாட்டேங்குறாங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, என் பிள்ளை பக்கத்து அறையில அழுவுறதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"அண்ணி, வீட்டுக் கதையெல்லாம் இவர்கிட்ட எதுக்கு?" என்றான் தம்பி. "கேட்டுட்டு வாங்க, போலாம்."

கோணல் சக்கரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவசியமே இருக்கவில்லை. மேஜையில் வைத்தபோதே பார்த்துவிட்டார். உடைந்த வாயில் பாதிக்கு மேல் கறுத்துக் கிடந்தது. வாரக்கணக்கில் அழுக்கேறிய பழைய விரிசல். மிச்சம் மட்டும் சர்க்கரை மாதிரி மினுங்கியது. அது அவன் விழுந்த அன்றைக்கு விட்டது, புது உடைவு. சரியாக அவர் இரண்டாவது தடவை சூடு காட்டிய இடம். போன் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சக்கரம் விட்டிருக்கும். இதைச் சொன்னால் அவளுக்குப் பிள்ளை கிடைக்கும். அடுத்த கேள்வி யாரிடம் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"உறுதியாச் சொல்றது கஷ்டம்மா" என்றார். "அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம். பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கோ."

நடுவில் வந்து முடிப்பது அவர் நாக்குக்கு அவ்வளவு பழக்கம்.

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணி? பாதி."

"பாதின்னா பாப்பாவைப் பாதி நாளு விடுவாங்களா தம்பி?"

தம்பி கோணலைப் பார்த்து, "இதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம், அம்மா பார்த்தா தாங்க மாட்டாங்க. நீங்களே எடுத்துக்குங்க. மூவாயிரம் குடுங்க" என்றான். இந்தத் தெருவில் கூட்டித்தான் கேட்க வேண்டும் என்று எவனோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். உருக்கப் போகிற பழைய சாமான். முந்நூறு கொடுத்தால் அதிகம்.

"சரி" என்று கோணல் சட்டைப் பையில் கையை விட்டார்.

எதிர்வரிசையில் டியூப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த டயர்க்கடைக்காரர் கையை நிறுத்திவிட்டார். "யோவ் கோணல், உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

கோணல் நோட்டுகளை நீட்டினார். வாங்கப் போன கொழுந்தனின் கையை அவள் விலக்கிவிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் நூறு நூறாக் குறைக்க உங்களோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுனாராம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு. இந்த உடைஞ்சதுக்குக் கேட்ட காசைக் குடுக்குறீங்களே, ஏன் குறைச்சுக் கேக்கலை?"

கோணல் நோட்டுகளை மறுபடி மடித்தார். அவள் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். எதிர்க்கடையில் காட்டினாலும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். இந்தத் தெருவில் அது தெரியாத கண் கிடையாது.

"முதல்ல சக்கரம்தாம்மா விட்டுச்சு" என்றார். "போன்ல ஒண்ணுமில்லை. ஒரே இடத்துல ரெண்டாவது தடவை சூடு காட்டக் கூடாது. காட்டிட்டேன்."

"கூடாதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"விலை படிஞ்சிடுச்சும்மா."

அதைச் சொன்ன பிறகுதான், அதற்கு மேல் தன்னிடம் ஒரு காரணமும் இல்லை என்பது கோணலுக்கே தெரிந்தது. தம்பி மேஜையைத் தாண்டிப் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். ஓங்கிய கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"அடிக்காத தம்பி. வாய் வீங்கிட்டா அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவாரு?" பிறகு அவரிடம், "சக்கரத்தைத் தூக்குங்க அண்ணே" என்றாள்.

கோணல் பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டார். ஆட்டோவில் சக்கரம் அவர் மடிமேல் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தார். ரோடு சரியில்லை, பையன் கேட்கவில்லை, புதுசு வாங்க வசதியில்லை. வந்த வாக்கியமெல்லாம் பழியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கச் சொல்லியே வந்தது.

மாடிப்படி ஏறி மூன்றாவது வீடு. கூரியர்காரனின் அம்மா, இடுப்பில் குழந்தையோடு வாசலை அடைத்து நின்றாள். கோணல் சொன்னார். தடுமாறி, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மருமகளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இதை வந்து சொல்ல இவ உனக்கு எவ்வளவு குடுத்தா?"

"சொல்ல யாரும் குடுக்கலம்மா. செஞ்சதுக்குத்தான் வாங்கினேன். உங்க மகன்கிட்ட."

அவள் கதவைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். குழந்தை இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, தன் அம்மாவிடம் ஓடியது. பாட்டியின் கை அதைப் பிடிக்க எழவில்லை. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

கோணல் சக்கரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வா என்றோ வெளியே போ என்றோ, அதை எங்கே வைப்பதென்றோ, யாரும் சொல்லவில்லை.