குவாட்டர் மூடிக் குடங்கள்

ஆக்சிலியா தையல்கடை வைத்திருப்பவள். மிச்ச நேரத்தில் குப்பையைக் கொண்டு ஊர் கட்டுவாள். தீப்பெட்டி வீடாகும், முட்டை அட்டை கூரையாகும், வடிகட்டிய டீத்தூள் காய்ந்தால் தெருமண். காரைக்காலில் அவள் தெருவில் யாரும் காலி டப்பாவைச் சட்டென்று எறிந்துவிட மாட்டார்கள். பக்கத்து வீட்டு இருதயமேரிதான் நிறையச் சேர்த்துக் கொடுப்பாள். கொல்லைச் சுவருக்கு மேலே பையை நீட்டி, "இந்தாடி, உன் செங்கல்லு சிமெண்டு" என்பாள்.

இந்த வருடம் பங்குக் கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு பெத்லகேம் தெருவைச் செய்யும் பொறுப்பு ஆக்சிலியாவுக்கு வந்தது. வீடுகள் எழும்பிவிட்டன. வாசலில் வைக்கத் தண்ணீர்க் குடம்தான் எதிலும் அமையவில்லை. அப்போது இருதயமேரி கொடுத்த பையின் அடியில், செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடைத்தது. பிரித்தால், குவாட்டர் பாட்டில் மூடிகள்.

இருதயமேரியின் கணவர் சார்லஸ், வேளாங்கண்ணியில் சத்தியம் செய்து குடியை விட்டவர் என்று தெருவே நம்பியிருந்தது. குப்பை வண்டியில் போட்டால் நாலு பேர் கண்ணில் படும். அதனால்தான் இது தன்னிடம் வந்திருக்கிறது என்று ஆக்சிலியாவுக்குப் புரிந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. மூடிகளின் எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டிரண்டாக ஒட்டி, கழுத்துக்குக் கம்பி சுற்றினாள். அசல் பித்தளைக் குடம்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் குடிலைச் சுற்றி ஒரே கூட்டம். மாதா சபைத் தலைவி டெல்பின் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் குடமெல்லாம் எங்க வாங்குன, ஆக்சிலியா?"

"வாங்கலைங்க. குவாட்டர் மூடி."

எல்லோரும் சிரித்தார்கள். "இத்தன மூடியா? உங்க வீட்டுல யாருடி குடிக்கிறா?" என்று யாரோ கேட்டார்கள். ஆக்சிலியாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் ஒன்றாக அவளைப் பார்த்துச் சிரித்துப் பேசியதே கிடையாது.

"எங்க வீட்டுல யாரு இருக்கா? எல்லாம் இருதயமேரியக்கா உபயம்!"

சிரிப்பு கொல்லென்று எழுந்து, பாதியில் அறுந்தது. ஆக்சிலியா திரும்பினாள். இருதயமேரி பின்னாலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் புதுச்சட்டையில் சார்லஸ். அவர் குடிலையே பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். இருதயமேரி வெளியே நடந்தாள்.

அன்று முழுக்க ஆக்சிலியாவுக்கு, சொன்னதைவிட, சொல்லிவிட்டுத் தானும் சிரித்ததுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. மறுநாள் மதியம் பிளேடை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். முதல் குடத்தின் அடியில் பிளேடைச் செருகியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எடுக்காதீங்க."

இருதயமேரி. இத்தனை வருடம் 'வாடி, போடி' என்றவள்.

"அக்கா, வாய் தவறி வந்துடுச்சுக்கா."

"எடுத்தா அந்த எடம் காலியா நிக்கும். ஏன்னு இன்னும் நாலு பேரு கேப்பாங்க. இருக்கட்டுங்க."

"தெரியாம சொல்லிட்டேன்க்கா."

"தெரியாமயா? நான் பேப்பர்ல சுத்திக் குடுத்தது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஆக்சிலியா பிளேடைத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்று ராஜாக்கள் திருநாள்வரை குடில் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் குடங்களைத்தான் போட்டோ எடுத்தார்கள். ஆக்சிலியா பூசைக்குக் கடைசி ஆளாக வந்து, தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, முதல் ஆளாகப் போனாள்.

திருநாள் முடிந்து அவள் குடிலைப் பிரிக்க வந்த காலையில் சார்லஸும் வந்தார். எதிரே குந்தி, ஒவ்வொரு குடமாக நகத்தால் பெயர்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா" என்றார். "இதையெல்லாம் அவ உங்கிட்ட குடுத்து மறைச்சுக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியாது. அரசலாத்துல போடுறான்னு நெனச்சேன்."

"அண்ணே, என்னைய மன்னிச்சிடுங்க."

"நீ சொன்னதுல பொய் என்னம்மா இருக்கு?"

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. குடங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து போனார்.

அதன்பின் சார்லஸ் குடித்தாரா, விட்டாரா என்று ஆக்சிலியாவுக்குத் தெரியாது. இருதயமேரியிடம் அதைக் கேட்கிற இடத்தில் இப்போது அவள் இல்லை.