அரையடி உயரம்

கட்டரின் சிறு சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுச் சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தான் லூர்துராஜ். கண்ணாடியில் கோடு போடும்போது கை நடுவில் நிற்கக் கூடாது. நின்று மறுபடி இழுத்தால் கோடு இரண்டாகிவிடும். உடைவு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. புதுத்துணி கிழிவதுபோல் சீராகச் சத்தம் வந்தால் கோடு சரி. சத்தம் சரியாகத்தான் வந்தது. கோட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்தினான். கண்ணாடி கோட்டோடு பிரிந்தது. பிரிந்த விளிம்பின் கனத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் திரும்பவும் ஏறியது. எட்டு மில்லி.

“பாய், இது தாங்காது” என்றான்.

கடை முதலாளி நௌஷாத் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “போன வாரம் நீதானே தாங்கும்னு சொன்னே?”

“அப்ப தொட்டி உயரம் ரெண்டடி. மேல குறுக்குப்பட்டை வைக்கிறதா பேச்சு. இப்ப ரெண்டரை அடிங்கிறாங்க. பட்டையும் வேணாங்கிறாங்க.”

“அரையடிதானப்பா.”

“நீளத்துல அரையடி கூட்டியிருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன் பாய். உயரத்துல கூட்டினா கதையே வேற. பதினஞ்சு மில்லி போடணும். இல்லேன்னா பன்னெண்டு போட்டு, பட்டையும் வைக்கணும்.”

“பதினஞ்சு மில்லிக்குத் திருச்சிக்கு ஆர்டர் போடணும். வர பத்து நாள் ஆவும். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அந்த வீட்டு ஜன்னல், கதவு, மாடிப்படி எல்லாக் கண்ணாடியும் நம்மகிட்ட. மீன்தொட்டிக்காக அவரப் பகைச்சுக்கச் சொல்றியா?” நௌஷாத் இப்போது நிமிர்ந்து பார்த்தார். “கனத்தை நான் பாத்துக்கறேன். நீ வெட்டு. முடியாதுன்னா சொல்லிடு, கும்பகோணத்துல ஒருத்தன் வேலை கேட்டுக்கிட்டே இருக்கான்.”

லூர்துராஜ் அடுத்த பலகையை மேசைமேல் சாய்த்தான்.

ரைஸ்மில் இளங்கோவனின் புது வீடு திருவாரூருக்கு வெளியே, மூன்று பக்கமும் சம்பா வயல் சூழ இருந்தது. ஹால் சுவரில் தொட்டிக்கென்றே ஒரு மாடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டி முடித்தபின் அளந்து பார்த்தால், இரண்டடித் தொட்டிக்கு மேல் அரையடி வெற்றிடம் விழும் என்று தெரிந்தது. அது கண்ணை உறுத்தும் என்று இளங்கோவன் சொன்னார். உயரம் கூடியது அதனால்தான்.

அவ்வளவு பெரிய தொட்டியைக் கடையில் ஒட்டித் தூக்கி வர முடியாது. துண்டுகளாகக் கொண்டுபோய், தாங்கியின்மேல் தெர்மாகோல் விரித்து, அங்கேயேதான் ஒட்ட வேண்டும். ஒட்டும் விளிம்புகளை லூர்துராஜ் ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைத்தான். அங்கே விரல் ரேகை ஒன்று இருந்தாலும் சிலிக்கான் அந்த இடத்தில் பிடிக்காது. இளங்கோவன் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு சொல்லலாங்களா?”

“சொல்லு.”

“நம்ம வாய்க்கால் மதகுல பலகை அடுக்குறோமே. மேல் பலகைய ஒத்த ஆள் உருவிடுவான். அடிப்பலகைய நாலு பேரு கடப்பாறை போட்டாத்தான் அசைக்க முடியும். வாய்க்கால் எத்தனை மைல் நீளம்னு அந்தப் பலகைக்குத் தெரியாதுங்க. எவ்வளவு ஆழம்னு மட்டும்தான் தெரியும். இந்தக் கண்ணாடியும் அப்படித்தான். உயரத்தைக் கால்பங்கு கூட்டினா, தள்ளுற பலம் ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறிடுது.”

இளங்கோவன் சிரித்தார். “அறுபது வேலி பாசனம் பண்றவன் நான். எனக்கே மதகு சொல்லித் தர்றியா நீ?”

“அதனாலதாங்க சொல்றேன். உங்களுக்குத்தான் சட்டுனு புரியும்.”

“புரியுது, புரியுது. கனமான கண்ணாடிய விக்கணும். அதானே?”

அவன் கையோடு கொண்டுவந்திருந்த மூன்று குறுக்குப்பட்டைகளை எடுத்துக் காட்டினான். மிச்சத் துண்டுகளில் வெட்டியவை. தொட்டியின் வாயில் குறுக்கே ஒட்டினால் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; நடுவில் வயிறு தள்ளாது. “இதுக்குக் காசு வேணாங்க” என்றான்.

“ஜெயில் கம்பி மாதிரி இருக்கும்யா. எடு, எடு.”

தண்ணீர் நிரப்பிய அன்று லூர்துராஜ் ஐந்தடி அலுமினியச் சட்டம் ஒன்றை முன்கண்ணாடியோடு ஒட்ட வைத்துப் பார்த்தான். சட்டம் நடுவில் மட்டும் தொட்டது. இரண்டு ஓரத்திலும் இடைவெளி. பையிலிருந்து தீக்குச்சி எடுத்து அதில் விட்டான்; தடையில்லாமல் உள்ளே போனது. எழுநூறு லிட்டர் தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணாடி வளைந்து கொடுக்கிறது. எதுவரை கொடுக்கும் என்று அது முன்கூட்டிச் சொல்லாது. மரம் என்றால் முனகும், இரும்பு என்றால் கோணும்.

இரண்டடி உயரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டான். அந்த வீட்டில் வேலை செய்யும் அம்சம் பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள், மெஷின் வந்தபின் வீட்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, தண்ணி இந்தக் கோட்டுக்கு மேல ஏறக் கூடாது. பாத்துக்கங்க.”

“நானா தம்பி ஊத்துறேன்? அவுக வழியவழிய ஊத்தச் சொல்றாக.” அவள் ஈரத்துணியைப் பிழிந்தாள். “குறைஞ்சா மீனுக்கு மூச்சு முட்டுமாம்.”

“உங்களுக்கு முட்டுதான்னு யாராச்சும் கேட்டாங்களா?”

“ஏன், நீ கேட்டுட்டியே” என்று சிரித்தாள்.

மறுநாள் கோடு இல்லை. அவளையே துடைக்கச் சொல்லியிருந்தார்கள். விளக்குப் போட்டதும் தொட்டிக்குள் பொன்னிற அரோவானா மீன் ஒன்று, முழங்கை நீளம், இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகத் திரும்பியது. வாஸ்துவுக்காகச் சென்னையிலிருந்து வரவழைத்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் எதிரில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பதினொன்றாம் நாள் பகல். மாடிக் குளியலறையில் லூர்துராஜ் நிலைக்கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தான். கீழே நெல்மூட்டையைத் தொப்பென்று போட்டது போல ஒரு சத்தம். அதன்பின் தண்ணீரின் இரைச்சல். அவனுக்கு என்னவென்று விளங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரோடு ஓடினான்.

ஹால் முழுக்கத் தண்ணீர். கூழாங்கற்கள் வாசல்வரை உருண்டிருந்தன. தொட்டியின் தாங்கிக்குப் பக்கத்தில் அம்சம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கெண்டைக்கால் பிளந்து சதை தெரிந்தது. அவள் கத்தவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ போல.

“மீனு! மீனப் புடிங்கடா!” இளங்கோவன் சோபாவின்மேல் ஏறி நின்று கத்தினார்.

டிரைவரும் இன்னொருவரும் துள்ளுகிற மீனின் பின்னால் வழுக்கி வழுக்கி ஓடினார்கள். லூர்துராஜ் தன் சட்டையைக் கழற்றி அம்சத்தின் காலை இறுக்கிக் கட்டினான். கட்டியது உடனே நனைந்து சிவந்தது.

“ஒட்டத் தெரியாத ஆளை அனுப்பியிருக்காரு பாரு ஒங்க பாய்!” இளங்கோவன் போனை ஸ்பீக்கரில் போட்டார். “நௌஷாத், ஆள் என்ன ஒட்டியிருக்கான்? பதினோரு நாள்ல புட்டுக்கிச்சு!”

மறுமுனையில் நௌஷாத்தின் குரல் வந்தது. “ஒட்டு வேலை எல்லாம் லூர்துதாங்க பாத்தான். நான் விசாரிக்கிறேங்க.”

லூர்துராஜ் எழுந்தான். தொட்டியின் வலது மூலை அப்படியே நின்றிருந்தது. முன்கண்ணாடியின் ஒரு சாணும் பக்கக் கண்ணாடியும் ஒட்டிய இடத்தில் பிரியாமல் சேர்ந்து நின்றன. அவன் இரண்டையும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துக் காட்டினான். சிலிக்கான் விடவில்லை.

“சார், இங்க பாருங்க. ஒட்டு எங்கயும் விடல. நடுவுல கண்ணாடிதான் போயிருக்கு. நான் சட்டம் வச்சுப் பாத்தேன், வயிறு தள்ளியிருந்துச்சு. சொன்னேன். வந்து பாருங்க சார், ஒரு நிமிஷம்!”

இளங்கோவன் பாத்ரூம் பக்கம் திரும்பியிருந்தார். அங்கே குளியல் தொட்டியில் மீனை விட்டிருந்தார்கள். “செதில் போயிருக்காடா? கண்ணைப் பாரு, கண்ணைப் பாரு.” பிறகு, “அவ தொடைக்கிறேன்னு அழுத்தியிருப்பா. நூறு தடவ சொல்லியிருக்கேன், பூ மாதிரித் தொடைக்கணும்னு.”

“கண்ணாடிய நான் தொடவே இல்லீங்க” என்றாள் அம்சம் தரையிலிருந்து. “கீழ கட்டையத்தான் தொடச்சேன்.”

“யோவ்!” என்றான் லூர்துராஜ். அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் அசையாமல் நின்றார். “அந்தம்மாவுக்கு ரத்தம் ஓடுது. காரை எடுக்கச் சொல்லுய்யா.”

“கார் தஞ்சாவூர் போவுது. மீன்கடைக்குப் பேசியாச்சு, அங்கதான் பெரிய தொட்டி இருக்கு. நீ வண்டி வச்சிருக்கேல்ல, கூட்டிட்டுப் போ. மத்தது உன் முதலாளிகிட்ட பேசிக்கிறேன். நாளைக்கு நீ கடையில இருக்கியான்னு பாப்பம்.”

லூர்துராஜ் அம்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் உட்காரவைத்தான். ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் கட்டின்மேல் அழுத்திக்கொண்டாள். மேடுபள்ளம் வரும்போதெல்லாம் அவள் நெற்றி அவன் முதுகில் இடித்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏழெட்டு வண்டிகள் நின்றன. பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்த இளங்கோவனின் வெள்ளைக் கார் எல்லோரையும் ஒதுக்கி, முன்னால் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. பின்சீட்டில் ஆக்ஸிஜன் நிரப்பிய பெரிய பாலித்தீன் பை. இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து, குறுக்கே சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். உள்ளே மீன் மெதுவாகச் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

டிரைவர் கண்ணாடியை இறக்கி அம்சத்தின் காலைப் பார்த்தார். அவள் பெருவிரலிலிருந்து சொட்டிய ரத்தம் தார்மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவியிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது.

“ஆமாங்க. கேட்டுலதாங்க நிக்கிறேன். இல்லீங்க, ஏசி ஓடுதுங்க” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை மேலே ஏற்றினார்.