பெரியாயியின் ஆடுகளும் ஆய்வு முறையியலும்

பதுளை டவுனில், பல்கலைக்கழகக் கற்கை நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்து விரிவுரையாளரின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஜீவராணி. உள்ளே கூப்பிட்டால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்த ஒப்படையைக் காப்பியடித்தாள் என்று முடிவானால் இந்த வருடப் பரீட்சையை எழுத விடமாட்டார்கள். வெளிவாரிப் பட்டத்துக்காக இத்தனை வருடமாகத் தெமோதரையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து போனதெல்லாம் பாதியில் நிற்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் காப்பியடித்ததாக அவர்கள் சொன்னது அவளே எழுதியதைத்தான்.

இரண்டாம் வருடத்தில் ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம் வந்தது. புத்தகம் முழுக்க ஆங்கிலம். தமிழில் கிடைத்த ஒன்றிரண்டும் அதைவிட மோசம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். ஜீவராணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு, போங்கடா நீங்களும் உங்கள் புத்தகமும் என்று, தனக்குப் புரிந்த மாதிரித் தானே குறிப்பு எழுதத் தொடங்கினாள். உதாரணத்துக்கா பஞ்சம்? அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கொட்டிக் கிடக்கிறதே! மாதிரி எடுப்புக்குக் கொழுந்துக் கூடை. நேர்காணலுக்குப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களின் பேச்சு. பக்கச்சார்புக்கு அடுத்த வீட்டுப் பெரியாயி.

இந்தப் பெரியாயியிடம் ஆடு உண்டு. எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டால் ரெண்டு. தேயிலை மலைக்குள் மேய விடுகிறாள் என்று அவர் ஏசுவார் அல்லவா? கொட்டகை கட்ட உதவி தருகிறோம் என்று வந்தவர்களிடம் எட்டு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பதினைந்து! கேட்கிறவர் யார் என்று பார்த்துத்தான் மக்கள் பதில் சொல்வார்கள், ஆகவே முதலில் நீங்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று அந்தப் பகுதியை முடித்திருந்தாள் ஜீவராணி.

கூடப் படித்த ரிஸ்கா கேட்டாளே என்று அதை போனில் டைப் செய்து அனுப்பினாள். ரிஸ்கா வட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அவ்வளவுதான், கை மாறிக் கை மாறி மட்டக்களப்பு, வவுனியா என்று ஊரெல்லாம் போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அட்டைப்படம் போட்டு பிடிஎஃப் ஆக்கினான். பசறையில் டியூசன் வகுப்பொன்றில் போட்டோகொப்பி எடுத்தே கொடுத்தார்களாம். எழுதியவள் பேர் எதிலும் இல்லை. முதலில் டைப் செய்த போனும் மழையில் நனைந்து செத்துப்போனது. இந்த லட்சணத்தில் ஒப்படையிலும் அதே விளக்கத்தை எழுதி வைத்தால் கம்ப்யூட்டர் சும்மா விடுமா? முக்கால்வாசி காப்பி என்று சிவப்பாகக் காட்டிவிட்டது.

"ஜீவராணி, வாங்க."

விரிவுரையாளர் ஷஹீலா மிஸ் தனியாகத்தான் இருந்தார். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். மேசையில் அவளுடைய ஒப்படை கிடந்தது.

"இது நாடு முழுக்கச் சுத்துற நோட்ஸ். தெரியுமா?"

"தெரியும் மிஸ். அத நான்தான் எழுதுனேன்."

"உங்களோட சேத்து இன்னைக்கு மூணு பேர் அப்படிச் சொல்லிட்டாங்க."

எந்தப் பாவிகள் அந்த மற்ற இரண்டு பேரும்? ஜீவராணிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"சத்தியமா மிஸ்! அந்தப் பெரியாயி எங்க அடுத்த வீட்டு அத்தைதான்."

மிஸ் சட்டென்று நிமிர்ந்தார். "பெரியாயின்னு உண்மையாவே ஒரு ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க மிஸ்."

"ரெண்டு வருசமா விடைத்தாள் திருத்துறேன். எல்லாரும் பெரியாயி, பெரியாயின்னே எழுதுறாங்க. ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சியில வந்த ஆளுக்குத் தமிழ்ப் பேர் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அவங்க போன் நம்பர் சொல்லுங்க. நீங்க வாய் தெறக்கக் கூடாது."

மிஸ் தன் போனிலேயே அழைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"பெரியாயி அம்மாவா? பதுளையில ஒரு ஆபீஸ்ல இருந்து பேசுறேன். ஜீவராணின்னு ஒரு பிள்ளையத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பக்கத்து வீடுன்னு சொன்னாங்களே?"

"அப்பிடி ஒரு புள்ளையும் இங்கின இல்லைங்க."

ஜீவராணிக்குத் தலை சுற்றியது. அடப்பாவி அத்தை! இடுப்பில் தூக்கி வளர்த்துவிட்டு இப்படி ஒரேயடியாகக் கைவிடலாமா? பரீட்சை போச்சு, பட்டமும் போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஆடு வளக்குறீங்களாம்மா?"

"ஆடா? ஆடெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து ஒரு ஆடு மே என்று கத்தியது. அதற்கு ஒத்தூதுவது போல இன்னொன்று.

ஷஹீலா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு! பேசுங்கள் என்று கையைக் காட்டினார்.

"அத்தே! நான்தான் ராணி!"

"அடியே, நீயா! எவளோ ஆபீசுங்குறா, ஒம் பேரக் கேக்குறா. ஆபீசுல பேரக் கேட்டா நல்லதுக்கா கேப்பாங்க? அதான் தெரியாதுன்னுட்டேன். என்னாடி, புடிச்சு வச்சிருக்காங்களா? ஒங்கப்பனக் கூட்டிக்கிட்டு இப்பவே வாறேன்!"

"அய்யோ, அதெல்லாம் இல்லத்தே. ஒங்க ஆட்டுக் கணக்க எழுதுனேன்ல? அத நான்தான் எழுதுனேன்னு நம்ப மாட்டேங்குறாங்க."

"இதென்னா கூத்து! புல்லறுக்கப் போறப்பல்லாம் பின்னாலயே வந்து, கணக்கப்பிள்ளைகிட்ட என்னா சொன்னீங்க, மாப்ள வீட்டுல என்னா சொன்னீங்கன்னு தொணதொணன்னு கேட்டு எழுதுனவ நீதானே? கணக்கப்பிள்ளைக்கு மட்டும் காட்டிராதடின்னு ஒங்கிட்ட சத்தியம் வாங்குனேனே!"

போனை வைத்தபோது மிஸ்ஸின் கண்ணில் தண்ணீரே வந்திருந்தது. "காப்பி இல்லன்னு எழுதி அனுப்புறேன். நீங்க போய்ப் பரீட்சைக்குப் படிங்க."

ஜீவராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதிரையில் சாய்ந்து, வெட்கம் பார்க்காமல் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அப்பாடா! எத்தனை நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விடுகிறாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பேர் ஏன் போடல?"

"லயத்துப் புள்ள எழுதுனதுன்னு தெரிஞ்சா யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் மிஸ்."

மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு போட்டோகொப்பிக் கட்டை எடுத்து வைத்தார். அதே குறிப்பு. பக்கங்கள் மடங்கிப் பழசாகியிருந்தன, ஓரமெல்லாம் மிஸ்ஸின் கையெழுத்து.

"இத வச்சுத்தான் நானே வகுப்பெடுக்குறேன்," என்று பேனாவை நீட்டினார்.

ஜீவராணி முதல் பக்கத்தின் மேலே தன் பேரை எழுதினாள். பக்கத்திலேயே தோட்டத்துப் பேரையும், லயத்து நம்பரையும் விடாமல் எழுதினாள்.