சுகாதார நிலையத்துப் பூட்டு

ஆடு மேய்க்கும் சந்தனமாரியின் இரண்டு வயது மகளுக்கு விடிந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. கண்கள் குழி விழுந்துவிட்டன; அழுதாலும் கண்ணீர் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். மூன்றாம் நாளாக அங்கே பூட்டுத் தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால், மேசைமேல் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன.

"நர்சம்மா கோவில்பட்டியிலருந்து வரட்டும்" என்றார் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி.

"அதுவரைக்கும் பிள்ளை தாங்குமா, அண்ணாச்சி?"

கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். நர்ஸ் எப்போதோ சொல்லித்தந்தபடியே பொட்டலத்தை ஆறிய வெந்நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். சாயங்காலம் பிள்ளை கண்ணீர் விட்டு அழுதது.

மறுநாள் வந்த நர்ஸ் கத்தினாள்: "கவர்மெண்ட் பூட்டை உடைச்சிருக்கியே, போலீசுக்கு எழுதட்டுமா?"

"எழுதுங்க. மூணு நாளா பூட்டிக் கெடந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க. நானே கைநாட்டு வைக்கேன்."

நர்ஸ் பேனாவை எடுக்கவே இல்லை.