சனிக்கிழமை எண்ணெய்

பில்டர் கொண்டுவந்து விரித்த வரைபடத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு காரை நிறுத்தத்தான் இடம் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்த உடனேயே அது தன் மாருதிக்கு என்று மஹதி முடிவு செய்துவிட்டாள். அவள் கணவன் சுவாமிநாதனும் அதே கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விவகாரம் சுலபத்தில் தீராது என்பது அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

அபிராமபுரத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஏற்கெனவே அடுக்குமாடிகளாகிவிட்டன. இவர்கள் வீடும் தை பிறந்ததும் கைமாற வேண்டும். வீட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் இருந்த தகர ஷெட்டும் போகும். ஷெட்டுக்குள் இருந்தது அவனுடைய ஸ்பிட்ஃபயர். கரும்பச்சை நிறம், இரண்டே சீட், மடக்கி வைக்கிற துணிக் கூரை. ஹார்பரில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கார் அது. சைதாப்பேட்டையில் ஒரு மரவாடிக்குப் பின்னால் எலி குடித்தனம் செய்துகொண்டிருந்ததைக் கல்யாணத்துக்கு முன்பே இவன் வாங்கிவந்தான். அந்த வகையில் வீட்டில் அவளைவிட அதுதான் மூத்தது.

அதை வேறு யாரும் தொடக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரி, மகள் வர்ஷினி திருச்சியில் ஹாஸ்டலில் இன்ஜினீயரிங் படிக்கிறாள், ஆனாலும் லீவு நாளில் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு காருக்கடியில் போய்விடுவான். வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரியும். அவளுடைய எவர்சில்வர் பேசின் ஒன்று பெட்ரோலில் கார்புரேட்டர் கழுவப் போய்த் திரும்பி வரவேயில்லை. பல் பிரஷ்கள் போயின. தலை உலர்த்தும் மெஷின் மழைக்காலத்தில் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரை உலர்த்தியது. இன்ஜினில் ஏதோ ஒரு கோட்டில் அடையாளம் வைக்க அவள் நெயில் பாலிஷை எடுத்துப்போனான். மறுநாள் அவள் கேட்டபோது, நல்ல நிறம், இருட்டிலும் தெரிகிறது என்று பாராட்டினான்.

பத்து நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு மஹதியே ஒரு வழி சொன்னாள். இரண்டு சீட் நமக்குப் போதும், பெண்தான் ஹாஸ்டலில் இருக்கிறாளே என்று அவன் ஆரம்பித்த இடத்தில் மடக்கினாள்.

"மார்கழி முழுக்க என்னை அதுலயே காலேஜுக்குக் கூட்டிண்டு போங்கோ. ஒரு நாள் ரோட்டுல நின்னாலும் போகியன்னிக்கு அது கோயமுத்தூர்க்காரர்ட்டப் போயிடணும். நிக்கலேன்னா அந்த இடம் அதுக்கு. என் வண்டி தெருவுல நிக்கட்டும்."

கோயமுத்தூர்க்காரர் என்பவர் பழைய கார்களாக வாங்கிச் சேர்ப்பவர். வருஷத்துக்கு ஒருமுறை ஃபோன் செய்து, விற்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்பார். சுவாமிநாதன் அவருக்கு அதே மரியாதையோடு இல்லை என்பான்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரியென்றான். அவள் ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தாள். அந்த வண்டி பெசன்ட் நகர் போய்த் திரும்புவதற்குள் ஒரு தடவையாவது பானெட்டைத் திறக்காமல் வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் வண்டி நிற்கவில்லை.

மார்கழி முதல் நாள் காலையில் அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கினாள். ஏறுவது என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தால் தெரு கழுத்து வரை வந்துவிடும். வாசல்களில் போட்டிருந்த கோலங்கள் கண்ணுக்கு நேராக வந்தன. கிரீன்வேஸ் ரோட்டில் பக்கத்தில் வந்த பஸ்ஸின் சக்கரம் அவள் காதுக்குப் பக்கத்தில் சுற்றியது. சிக்னலில் பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் குனிந்து பார்த்தான்.

"இன்னா சார், மீதி வண்டி பின்னால வந்துகினு கீதா?"

பஸ்ஸே சிரித்தது. சுவாமிநாதன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். மஹதிக்கும் சிரிப்பு வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடையாறில் அவள் பாடம் நடத்தும் காலேஜ் வாசலில் இறங்கியபோது மாணவிகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கெமிஸ்ட்ரி மேடம் காரிலிருந்து எழுந்திருக்கக் கை கொடுக்க ஒருத்தி ஓடிவந்தாள். மஹதி அந்தக் கையைப் பிடிக்காமல் எழுந்தாள். அதற்கே தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரம் மழை. கூரையைப் போட்டும் ஒழுகியது. உள்ளே குடை பிடித்துக்கொண்டு போனார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்றும் வண்டி உறுமிக்கொண்டு ஒரு படகு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. அவளுடைய மாருதி அன்று கிளம்பியிருக்காது. இதை அவள் அவனிடம் சொல்லவில்லை. திரு.வி.க. பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது பின்னலை அவிழ்த்துவிடலாமா என்று தோன்றியதையும் சொல்லவில்லை. பந்தயம் பந்தயம்தான்.

அவன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டியோடு கிடந்தான். ஃபேன் பெல்ட் மாற்றினான், பிளக் மாற்றினான், குழாய் எல்லாம் பார்த்தான். கடைசியில் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு, அடியில் எங்கெல்லாம் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருக்கிறதோ அங்கெல்லாம் பிதுங்கி வழியும்வரை அடிப்பான். அதில் அவனுக்கு ஒரு திருப்தி. குழந்தைக்கு வயிறு நிறைந்ததா என்று பார்ப்பது போல ஒவ்வொன்றையும் விரலால் துடைத்துப் பார்ப்பான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் கூட்டு கலீமுல்லா. ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வைத்திருந்தார். பார்க்க இரண்டு வண்டிக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் முன்பக்கம் அடியில் இருக்கும் சாமான்கள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்று. அந்த உறவில் இருபது வருஷமாகச் சிநேகிதம். சுவாமிநாதன் வீட்டில் பழகிப் பழகி மஹதியை மன்னி என்று கூப்பிடுவார், மீதியெல்லாம் ராயப்பேட்டைத் தமிழ்.

"மன்னி, இன்னும் நிக்கலியா? நீங்க ஒழுங்கா வேண்டிக்கலன்னு நெனைக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது சீண்டினார். கபாலியிடம் சொல்லியாயிற்று, அவர் கூட்டத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்றாள் மஹதி.

மூன்றாவது வாரத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். திருப்பங்களில் அவன் தோள் எழும்பியது. முன்பெல்லாம் ஒரு கையால் வளைத்துவிட்டு இன்னொரு கையால் கியர் போடுவான். இப்போது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்தான். கேட்டதற்கு டயரில் காற்று குறைவு என்றான். காற்றடித்த பிறகும் தோள் எழும்பியது. அவன் அந்த வாரம் இன்னும் கொஞ்சம் கிரீஸ் அடித்தான்.

மார்கழியின் கடைசிக் காலேஜ் நாள் வந்தது. மறுநாள் போகி.

காலையில் அவள் டிகாக்ஷன் இறக்கும்போது ஷெட்டில் இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. வண்டி கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போனது, திரும்பி வந்தது. சத்தம் நின்றது. பிறகு ஜாக்கியின் கிறீச்சொலி, சுத்தியல், நீண்ட அமைதி. அவள் குளித்துப் புடவை கட்டி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான். முழங்கை வரை கறுப்பு.

"ஸ்டார்ட் ஆகலை" என்றான். "நீ மாருதியை எடுத்துண்டு போ. நீதான் ஜெயிச்சே. கோயமுத்தூருக்கு நான் ஃபோன் பண்ணிடறேன்."

சொல்லிவிட்டு அடுக்களைக் குழாயில் கை கழுவினான். அவள் எப்போதும் திட்டுகிற விஷயம் அது. இன்றைக்குத் திட்டவில்லை. இந்த மனுஷன் முப்பது வயதிலிருந்து அவளிடம் நிறைய மறைத்திருக்கிறான், எல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் விலை சம்பந்தப்பட்டது. ஆனால் வண்டிமேல் பழி போட்டு அவன் பேசி அவள் கேட்டதேயில்லை. நின்ற நாளில்கூடப் பெட்ரோல்மேல் தப்பு, தார்மேல் தப்பு, சிக்னல்மேல் தப்பு.

டிபன் டப்பாவை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள்.

இடது முன்சக்கரம் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கீழே பரப்பியிருந்த செய்தித்தாளில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அடிப்பகுதியில் திருகு மரை. பக்கத்தில் அந்த மரை போய்ப் பொருந்துகிற பித்தளைக் கட்டை. சக்கரத்தையே தாங்குகிற தண்டு அது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பித்தளைக்குள் திரும்பும். அவ்வளவுதான் அதன் வேலை. மரை முழுக்கத் துரு. மேல் விளிம்பில், தண்டும் மரையும் சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"காத்தால ஸ்டார்ட் ஆச்சே" என்றாள்.

அவன் குனிந்து தண்டைத் துணியால் துடைத்தான்.

"இது உடைஞ்சா என்ன ஆகும்?"

"சக்கரம் உள்பக்கமா மடிஞ்சுடும்."

"பாலத்து மேலயா இருந்தா?"

அவன் சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தைக் காட்டினான். "அது நீ உக்கார்ற பக்கம்" என்றான். "ஒரு மாசமா உன்னை அதுமேலதான் உக்கார வெச்சுண்டு போயிருக்கேன். எனக்கு இந்த வண்டி வேண்டாம் மஹதி. வித்துடலாம்."

அவள் குனிந்து பித்தளைக் கட்டைக்குள் விரலை விட்டாள். உள்ளே பழுப்பாகக் கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கவில்லை, பொடிந்தது.

"இது என்னது?"

"கிரீஸ். அடிச்சதுதான்."

"கிரீஸ்னா என்னன்னு நெனைச்சுண்டிருக்கேள்? சோப்புதான் அது. சோப்புல எண்ணெயை ஊற வெச்சிருக்கா. எண்ணெய் போயிடுத்து, சோப்பு மட்டும் நிக்கறது. தண்ணி உள்ள போயிருக்கு, வெளில வர வழியில்லை."

அவன் கட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மரையின் இடுக்கு முழுவதும் இறங்க வேண்டியது கெட்டி கியர் ஆயில். கிரீஸ் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே போகாது. நிப்பிள் என்று ஒன்று இருந்தால் அதில் கிரீஸ் அடிப்பதுதான் இந்த ஊர் வழக்கம். அவனும் யோசிக்கவில்லை. ஸ்டியரிங் இறுக இறுக இன்னும் அடித்திருக்கிறான். இருபது வருஷமாக, அன்பாக.

"நானே கெடுத்திருக்கேன்" என்றான்.

"ஆமா" என்றாள் மஹதி. அதில் அவளுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வாசலில் ஹாரன். பந்தயம் முடிகிற சந்தோஷத்தில் கலீமுல்லா ஹெரால்டில் வந்து, மாருதிக்குக் குறுக்கே கேட்டை அடைத்து நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் இனிப்புப் பொட்டலம். ஷெட்டுக்குள் வந்து தண்டைப் பார்த்ததும் பொட்டலத்தை பானெட்மேல் வைத்தார். சுவாமிநாதன் நடந்ததைச் சொன்னான். கிரீஸ் என்ற சொல் வந்ததும் அவர் முகம் மாறியது. மெதுவாகத் திரும்பிக் கேட்டில் நிற்கிற தன் வண்டியைப் பார்த்தார். அதன் முன்சக்கரங்களைப் பார்த்தார்.

"சாமி" என்றார். "நானும் கிரீஸ்தான் அடிச்சிகினு கீறேன்."

ராயப்பேட்டையிலிருந்து அபிராமபுரம் வரை அதில்தான் வந்திருக்கிறார். உட்கார்ந்து ஒரு மைசூர்பாகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஆட்டோ ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். வண்டி இங்கேயே இருக்கட்டும், இனி அதைத் தள்ளக்கூட மாட்டேன் என்றார். மஹதிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கறுத்த விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

சுவாமிநாதன் சிரிக்கவில்லை. விற்றுவிடலாம் என்று மறுபடியும் சொன்னான்.

"போன வருஷம் குக்கர் வால்வு வெடிச்சு சாம்பார் பூரா விட்டத்துல ஒட்டிண்டுதே. அதுக்காக நான் சமைக்கறதை விட்டுட்டேனா?"

"பந்தயம்?"

"ரோட்டுல நின்னாதான்னு சொன்னேன். இது ஷெட்டுல நிக்கறது." அவள் சக்கரத்தைக் காலால் தள்ளினாள். "அந்தக் கோயமுத்தூர்க்காரருக்கும் இதுல ஏறி உக்காரப் பொண்டாட்டி இருப்பாளோன்னோ. அவரும் கிரீஸ்தான் அடிப்பார். இதைச் சரி பண்ணுங்கோ. ஆனா ஒண்ணு. சனிக்கிழமை உங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கற நாள். அன்னிக்கு முதல்ல அதுக்கு எண்ணெய், அப்பறம் உங்களுக்கு. நான் பார்க்காம நீங்க ஸ்நானம் பண்ணக் கூடாது."

மாருதி வெளியே வர வழியில்லாததால் அன்று பஸ்ஸில் போனாள். முதல் பீரியடுக்குப் போக முடியவில்லை. பஸ் ஜன்னலில் உயரமாக உட்கார்ந்து போவது ஏனோ பிடிக்கவில்லை.

போகியன்று வாசலில் பழைய பாய்களோடு கிரீஸ் துணிகளும் எரிந்தன. கறுப்புப் புகை பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். பொங்கல் கழிந்ததும் இரண்டு நண்பர்களும் புதுப்பேட்டைக்குப் போய் உடைத்துப் போட்ட ஹெரால்டுகளைக் கிளறினார்கள். இடது பக்கத் தண்டின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அது தெரியாமல் முதலில் வலதைத் தூக்கிவந்துவிட்டு மறுபடி அலைந்தார்கள். கடைசியில் நான்கு தண்டும் துரு இல்லாமல் கிடைத்தன, இரண்டு வண்டிக்கும்.

வீட்டைக் கொடுப்பதற்கு முந்தைய சனிக்கிழமை. சாமான்கள் மூட்டை கட்டியாகிவிட்டன. சுவாமிநாதன் தலையில் நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு ஷெட்டில் குந்தியிருந்தான். கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி மெதுவாக அழுத்தினான். பித்தளைக் கட்டையின் மேல் விளிம்பில் பொன்னிறமாக ஒரு கோடு கசிந்தது.

"அப்பறம் அந்தப் பக்கம்" என்றாள் மஹதி. அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பச் சொன்னான். இரண்டு கையையும் வைத்தவள், ஒரு கையை எடுத்துவிட்டாள். சக்கரம் தானாகப் போனது.

"வெந்நீர் ஆறறது" என்றாள். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நெற்றியில் எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"திங்கட்கிழமை நீ ஓட்டறியா?"

"நீங்க அந்தப் பக்கத்துல உக்காருவேள்னா" என்றாள்.

அவன் எழுந்து அந்த இடது சக்கரத்துக்குப் போய் இன்னும் ஒரு தடவை கன்னை அழுத்தினான்.