மூன்று நாள்

விலாவில் காவி போகவில்லை. மாதேஷ் சீயக்காயைக் குழைத்து அப்பாவின் அக்குளுக்குக் கீழே தேய்த்தான். சின்னத்தாயி தண்ணீர் ஊற்றினாள்.

"எங்கண்ணன் உசுரோட இருந்தப்ப இத்தன தண்ணி ஊத்திக் குளிச்சதே இல்ல," என்றாள் அவள் நாத்தனார். அழுகைக்கு நடுவே இரண்டு பேர் சிரித்தார்கள்.

குப்பனூர் குயவர் நல்லமுத்து அக்கிக்கு எழுதிய காவி அது. கொப்புளம் கிளம்பிய அன்றே சின்னத்தாயிதான் கணவரை மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனாள். ஒன்று விட்டு ஒரு நாள், மூன்று முறை எழுத வேண்டும்.

"மூச்சிரைப்புக்கு மாத்திர திங்கறவருங்க. ஆஸ்பத்திரிலயும் காட்டிருங்கம்மா," என்று நல்லமுத்து முதல் நாளே அவளிடம் தனியாகச் சொன்னார். எழுதி முடியும்வரை வேறு மருந்து ஆகாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அவர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் இருமல். அக்கிக்கும் அம்மைக்கும் ஒரே கிருமிதான், அது நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார் சேலத்து டாக்டர்.

"வராம தடுக்கவே ஊசி இருக்குதுங்க. அதுதான் போடல, மொத மூணு நாள்லயாச்சும் வந்திருந்தா மாத்திரைக்கே அடங்கியிருக்கலாம். ஏன் வரல?"

மாதேஷ் அம்மாவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அடுத்த வாரம் வெங்கடாசலம் இறந்துபோனார்.

பாடை கட்டும்போது மருமகள் மலர் அடுக்களையில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். மாமனாரின் புண்ணை நாள் தவறாமல் துடைத்தவள். கழுத்திலும் மார்பிலும் நீர்க்கொப்புளங்கள்.

"அம்மை. வேப்பல போட்டு ஊட்டோட படுக்க வெய்யுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனா ஆகாது."

"சின்னதுல உனக்கு அம்ம போட்டிருக்குதா கண்ணு?" என்றாள் சின்னத்தாயி.

"இல்லீங்கத்த." மலர் இருமினாள்.

சின்னத்தாயி வாசலுக்கு வந்து ஆட்டோக்காரப் பையனைக் கூப்பிட்டாள். "கோகுலு, ஆட்டோவ எடு."

"பொணத்த வெச்சுக்கிட்டு எங்கங்க போறீங்க? ஊரு சிரிக்காதா?" என்று நாத்தனார் குறுக்கே வந்தாள்.

"அவரையும் ஆஸ்பத்திரில காட்டச் சொல்லித்தான் நல்லமுத்து சொன்னாரு. மொத நாளே. நாந்தான் மறச்சுட்டேன்."

கொள்ளிச்சட்டியோடு நின்ற மாதேஷ் நிமிரவில்லை.

சின்னத்தாயி வாய்க்கரிசி போட்டாள். பாடையைத் தூக்கும் முன் மலரோடு ஆட்டோவில் ஏறினாள்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டர் மலரின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எப்பக் கிளம்புச்சு?"

"காலைலதானுங்க."

"நல்லவேள. நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்கம்மா."

சின்னத்தாயி அவர் எழுதிய மாத்திரைகளை வாங்கினாள். ஒன்றைப் பிரித்து மலரின் கையில் வைத்தாள். தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.